வளரும் முதுகெலும்பும் வளரும் கம்பியும்: அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய ஆண்டுகள்

இளம் வயதிலேயே முதுகெலும்பு வளைந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை முடிந்து, முதல் எக்ஸ்-ரே படத்தைப் பெற்றோரிடம் காட்டும்போது எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகின்றன. இனி எங்கள் பிள்ளை வளருமா? எவ்வளவு வளரும்? ஒரே அறுவை சிகிச்சையில் முடித்திருக்கக் கூடாதா? மீண்டும் மீண்டும் ஏன் வரச் சொல்கிறீர்கள்? புறநோயாளிப் பிரிவில் கிடைக்கும் சில நிமிடங்களில் இவற்றுக்கு முழுமையாக விடை கூற இயலுவதில்லை. ஆகவே இவ்விதழில் அவற்றைச் சற்று விரிவாக எடுத்துரைக்கிறோம்.

எதனை இளம்வயது ஸ்கோலியோசிஸ் என்கிறோம்?

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, அத்துடன் தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளும் நிலைக்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். எக்ஸ்-ரே படத்தில் வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் உள்ள முள்ளெலும்புகளை ஒட்டிக் கோடுகள் வரைந்து, அவற்றுக்கு இடைப்பட்ட கோணத்தை அளக்கிறோம். நியூயார்க் மருத்துவர் ஜான் காப் 1948-ஆம் ஆண்டில் விளக்கிய முறை இது. அதனால் காப் கோணம் எனப்படுகிறது. இக்கோணம் 10 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்து, அது குழந்தைக்கு 10 வயது நிறைவதற்குள் தோன்றியிருந்தால் அதனை இளம்வயது ஸ்கோலியோசிஸ் என்கிறோம்.

சில குழந்தைகளுக்கு முள்ளெலும்புகளே பிறவியில் சரியாக உருவாகாமல் இருக்கும். சிலருக்குத் தசை அல்லது நரம்பு நோயால் முதுகைத் தாங்கும் வலிமை குறைந்திருக்கும். வேறு சிலருக்கு உடல் முழுவதையும் பாதிக்கும் மரபுக் கோளாற்றின் ஒரு கூறாக இது அமையும். காரணம் இன்னதென்று கூற இயலாத குழந்தைகளும் உள்ளனர். பள்ளிப் பையின் சுமையோ, கோணி அமரும் பழக்கமோ, குழந்தையைத் தூக்கிய விதமோ இதற்குக் காரணம் அல்ல. தம்மையே நொந்துகொள்ளும் பெற்றோர் இதனை மனத்தில் நிறுத்த வேண்டும்.

முதுகெலும்பு எவ்வாறு வளர்கிறது?

ஒவ்வொரு முள்ளெலும்பின் மேலும் கீழும் மெல்லிய குருத்தெலும்புத் தகடுகள் உள்ளன. உயரம் கூடுவது இவற்றால்தான். மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5 என 17 முள்ளெலும்புகளும் சேர்ந்து வளர்வதால் உடற்பகுதி நீள்கிறது. பிரான்ஸ் நாட்டின் மோன்பெலியே நகரைச் சேர்ந்த மருத்துவர் அலென் டிமெக்லியோ இவ்வளர்ச்சியைப் பல ஆண்டுகள் அளந்து ஆராய்ந்தார். குழந்தைகளின் முதுகெலும்பு அறுவை சிகிச்சையைத் திட்டமிடுவோர் இன்றும் அவருடைய அளவுகளையே பெரிதும் நம்புகின்றனர்.

அவ்வளவுகளின்படி, முதல் மார்பு முள்ளெலும்பிலிருந்து இடுப்புக்கூட்டின் பின்புறத்து எலும்பு வரையிலான நீளம் பிறக்கும்போது ஏறத்தாழ 20 செ.மீ. முதல் ஐந்து ஆண்டுகளில் அது ஆண்டுக்கு 2 செ.மீ. வீதம் கூடுகிறது. 5 முதல் 10 வயது வரை வேகம் தணிந்து ஆண்டுக்கு 1 செ.மீ. அளவில் நிற்கிறது. பருவமெய்தும் காலத்தில் மீண்டும் விரைந்து ஆண்டுக்கு 1.8 செ.மீ. அளவை எட்டுகிறது. வளர்ச்சி நிறைவுறும்போது மொத்த நீளம் ஏறத்தாழ 45 செ.மீ. ஆகிறது, பெண்களுக்கு இது சற்றுக் குறைவு.

இதிலிருந்து பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. வாழ்நாள் வளர்ச்சியில் பெரும்பங்கு பள்ளியில் சேரும் முன்பே நிகழ்ந்துவிடுகிறது. அந்த ஆண்டுகளில் முதுகெலும்பை அசையாமல் பூட்டிவிட்டால் இழப்பது மிகுதி.

உயரத்தைவிட மூச்சே முதன்மை

முதுகெலும்பு என்பது முதுகை மட்டும் தாங்கும் தூண் அன்று. விலா எலும்புகள் அதனிடமிருந்தே கிளைக்கின்றன. அது வளைந்து முறுக்கினால் மார்புக்கூடும் சுருங்கித் திரிகிறது. அதனுள் இருக்கும் நுரையீரலுக்கு இடம் குறைகிறது.

நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வாழ்வின் முதல் சில ஆண்டுகளிலேயே மிக விரைவாகப் பெருகுகின்றன. மார்புக்கூட்டின் கொள்ளளவு பிறக்கும்போது வளர்ந்தவரின் அளவில் 6 விழுக்காடுதான். 5 வயதில் அது 30 விழுக்காடாகவும் 10 வயதில் 50 விழுக்காடாகவும் ஆகிறது. இக்காலத்தில் இடம் கிடைக்காத நுரையீரல் பின்னாளில் அவ்விழப்பை முழுமையாக ஈடுசெய்வதில்லை. மார்புக்கூடு இயல்பான மூச்சையோ நுரையீரல் வளர்ச்சியையோ தாங்க இயலாத நிலையை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கேம்ப்பெல் தனி நோய்த்தொகுதியாக வரையறுத்தார். விலா எலும்புகளுக்கு இடையே பொருத்தி நீட்டக்கூடிய கருவியையும் அவர் உருவாக்கினார். அக்கருவிக்கு 2004-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. விலா எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்த குழந்தைகளுக்கு அது பெரிதும் பயன்பட்டு வருகிறது.

ஆகவே எங்கள் முதல் நோக்கம் முதுகை அழகுற நேராக்குவது அன்று. அந்தக் குழந்தை முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் மூச்சுத் திணறலின்றி மாடிப்படி ஏற வேண்டும் என்பதே. எக்ஸ்-ரே படத்தில் சற்று வளைவு எஞ்சியிருப்பதைக் கண்டு பெற்றோர் வருந்தும்போது நாங்கள் இதனை நினைவூட்டுகிறோம்.

ஒரே அறுவை சிகிச்சையில் ஏன் முடிப்பதில்லை?

வளர்ச்சி முடிந்த பதின்வயதினருக்கு வளைந்த பகுதியின் முள்ளெலும்புகளை ஒன்றாக இணைத்துவிடுகிறோம். அது ஒரே எலும்பாகி, வளைவு மேலும் கூடாமல் நிற்கிறது. சிறு குழந்தைக்கு அதையே செய்தால் இணைத்த பகுதி அத்துடன் வளர்வதை நிறுத்திவிடும்.

எவ்வளவு இழப்பு என்பதை எளிய கணக்கால் மதிப்பிடலாம். இணைக்கப்படும் முள்ளெலும்புகளின் எண்ணிக்கையை எஞ்சியுள்ள வளர்ச்சி ஆண்டுகளால் பெருக்கி, அதனை 0.07-ஆல் பெருக்கினால் இழக்கும் நீளம் செ.மீ. அளவில் கிடைக்கும். 5 வயதுப் பெண் குழந்தைக்கு ஏறத்தாழ 9 ஆண்டு வளர்ச்சி எஞ்சியுள்ளது. மார்புப் பகுதியின் 12 முள்ளெலும்புகளையும் இணைத்தால் இழப்பு ஏறத்தாழ ஏழரை செ.மீ. உயரத்தில் ஏழரை செ.மீ. குறைந்தால் என்ன என்று தோன்றக்கூடும். ஆனால் அவ்வளவும் மார்பில் குறைகிறது. 5 வயதில் மார்பு முதுகெலும்பின் இயல்பான நீளம் 18 செ.மீ., 10 வயதில் 22 செ.மீ. இளம் வயதில் மார்புப் பகுதியில் எலும்பு இணைப்புச் செய்யப்பட்டவர்களைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் லோரி கேரலும் அவர் குழுவினரும் 2008-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மார்பு நீளம் 18 செ.மீ.-க்குக் குறைவாக நின்றுவிட்டவர்களிடம் கடுமையான மூச்சுத்திறன் குறைவு மிகுதியாகக் காணப்பட்டது. அதனால்தான் குறைந்தது 18 செ.மீ., இயன்றால் 22 செ.மீ. என்பதை இலக்காகக் கொள்கிறோம்.

இன்னொரு தடையும் உண்டு. பின்புறத்தை மட்டும் இணைத்தால் முன்புறத்துத் தகடுகள் தொடர்ந்து வளர்ந்து, இணைத்த பகுதியையே முறுக்கித் திருப்பிவிடும். பிரெஞ்சு மருத்துவர் ஜான் துபூஸே 1989-ஆம் ஆண்டில் விளக்கிய இவ்விளைவால், ஒரே முறையில் முடிந்தது என்று எண்ணிய சிகிச்சையும் முடியாமல் போகலாம்.

வளர்ச்சி பகையா, துணையா?

அழுத்தம் மிகுந்த இடத்தில் எலும்பு மெல்ல வளரும். அழுத்தம் குறைந்த இடத்தில் விரைந்து வளரும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர்கள் கண்டறிந்த இவ்விதியே இங்கும் இயங்குகிறது. வளைவின் உட்புறம் நசுங்குவதால் அங்கே வளர்ச்சி குன்றி, முள்ளெலும்பு ஆப்பு வடிவம் பெறுகிறது. அதனால் வளைவு கூடுகிறது. கூடிய வளைவு மேலும் அழுத்துகிறது.

இதே விதியை நலத்துக்குத் திருப்பலாம் என்று காட்டியவர் லண்டனை அடுத்த ஸ்டான்மோர் மருத்துவமனையில் பணியாற்றிய மின் மேத்தா. சிறு குழந்தைகளுக்குத் தொடர்ச்சியாக மாவுக்கட்டுப் போட்டு, வளரும் முதுகெலும்பை நேர்வழியில் செலுத்தினார். 2005-ஆம் ஆண்டில் அவர் 136 குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டார். ஒன்றரை வயதையொட்டி வந்த 94 குழந்தைகளுக்கு வளைவு நீங்கியது. இரண்டரை வயதையொட்டித் தாமதமாக வந்த 42 குழந்தைகளுக்கு வளைவு குறைந்ததே தவிர நீங்கவில்லை. ஓராண்டுக் கால வேறுபாடு இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தந்தது. குழந்தையின் முதுகில் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் 'வளர வளரச் சரியாகும்' என்று காத்திராமல் உடனே காட்டுமாறு நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். மாவுக்கட்டால் வளைவு முழுமையாக நீங்காவிடினும், அறுவை சிகிச்சையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட அது உதவுகிறது. அந்த ஆண்டுகளின் மதிப்பு மிகப் பெரிது.

வளரும் கம்பி செய்யும் பணி

மாவுக்கட்டுக்கும் பிரேசுக்கும் கட்டுப்படாத வளைவுக்கே வளரும் கம்பி பொருத்துகிறோம். பால் ஹாரிங்டன் 1962-ஆம் ஆண்டில் விளக்கிய உலோகக் கம்பியை, எலும்பை இணைக்காமலே குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் முறையை ஜான் மோ 1984-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று பெரும்பாலும் இரண்டு கம்பிகளைப் பொருத்துகிறோம். வளைவுக்கு மேலும் கீழும் சில முள்ளெலும்புகளில் திருகாணிகளோ கொக்கிகளோ பொருத்தி, அவ்விடங்களை மட்டும் இணைக்கிறோம். இடைப்பட்ட முள்ளெலும்புகளைத் தொடாமல் வளரவிடுகிறோம். குழந்தை வளர வளரக் கம்பியையும் நீட்டுகிறோம்.

இவ்விடத்தில் பெற்றோர் இரு வேறு நீளங்களைப் பிரித்துணர வேண்டும். முதல் அறுவை சிகிச்சை முடிந்ததும் குழந்தை சில செ.மீ. உயர்ந்துவிட்டதாகத் தெரியும். அது வளர்ச்சி அன்று. வளைந்திருந்தது நிமிர்ந்ததால் கிடைத்த நீளம். உண்மையான வளர்ச்சி அதன்பின் மெல்ல வருவது. பெஹ்ரூஸ் அக்பர்னியாவும் பிற மருத்துவர்களும் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட 23 குழந்தைகளின் விவரங்கள் இதனைத் தெளிவாக்கும். சராசரி வளைவு 82 டிகிரியிலிருந்து 38 டிகிரியாகக் குறைந்தது. முதுகெலும்பின் நீளம் முதல் அறுவை சிகிச்சையிலேயே ஏறத்தாழ 23 செ.மீ.-இலிருந்து 28 செ.மீ. ஆனது. அதன்பின் ஆண்டுக்குச் சராசரியாக 1.2 செ.மீ. வீதம் வளர்ந்தது. அந்த வயதில் நலமுள்ள குழந்தையின் வளர்ச்சிக்கு இது இணையானதே.

ஆகவே 'இனி வளருமா' என்ற கேள்விக்கு விடை: ஆம், வளரும். முதல் முறை கண்ட பெரும் மாற்றத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்தல் ஆகாது.

குறைந்துவரும் பயன், கூடிவரும் இடர்

இம்முறைக்குரிய குறைகளையும் மறைக்காமல் கூறுவது எங்கள் கடமை. கம்பியை நீட்டும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நீளம் அதற்கு முந்தைய முறையைவிடக் குறைந்துகொண்டே வருவதை 2011-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. கம்பியால் தாங்கப்பட்டு அசைவு குறைந்த முள்ளெலும்புகள் காலப்போக்கில் இறுகி, சில இடங்களில் தாமாகவே ஒட்டிக்கொள்வது இதற்கு ஒரு காரணம்.

சிக்கல்களும் அரியன அல்ல. 140 குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட 897 அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து 2010-ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில், 58 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குக் குறைந்தது ஒரு சிக்கலாவது நேர்ந்திருந்தது. கம்பி முறிதல், திருகாணியோ கொக்கியோ பிடி தளர்தல், காயத்தில் தொற்று ஆகியவை அவற்றுள் அடங்கும். கூடுதலாகச் செய்யும் ஒவ்வோர் அறுவை சிகிச்சையும் சிக்கலுக்கான வாய்ப்பை 24 விழுக்காடு உயர்த்தியது. சிகிச்சையைத் தொடங்கும் வயது ஓராண்டு கூடினால் அது 13 விழுக்காடு குறைந்தது.

இரு புறமும் இழப்புள்ள தராசு இது. முன்கூட்டியே தொடங்கினால் அறுவை சிகிச்சைகள் பெருகும், முதுகு விரைவில் இறுகும். தாமதித்தால் வளைவு முற்றி நுரையீரல் நசுங்கும். எந்த வயதில் தொடங்குவது என்பதை வளைவின் வேகம், மூச்சுத்திறன், குழந்தையின் எடை, பிற நோய்கள் ஆகியவற்றை எடையிட்டே முடிவு செய்கிறோம். ஒரே அளவு வளைவுள்ள இரு குழந்தைகளுக்கு இருவேறு அறிவுரைகள் தருவதும் இதனால்தான்.

கம்பி முறிந்தால் குழந்தை ஓடி விளையாடியதால்தான் முறிந்தது என்று கடிந்துகொள்ள வேண்டா. அசையும் முதுகில் ஆண்டுக்கணக்கில் தாங்கி நிற்கும் உலோகம் களைத்துப்போவது இயல்பு. பெரும்பாலும் அதனை மாற்றிவிட இயலும்.

காந்தக் கம்பி

வழக்கமான கம்பியை நீட்ட ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்துச் சிறிய அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மீண்டும் மீண்டும் மயக்க மருந்து கொடுப்பதும், மூன்று மணி நேரத்துக்கு மேல் கொடுப்பதும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ஆம் ஆண்டில் எச்சரித்தது. அது ஒருபுறமிருக்க, ஆண்டுக்கு இரு முறை அறுவை அரங்குக்குள் செல்லும் குழந்தையின் அச்சமும் பள்ளி இழப்பும் நாம் அறிந்தவையே.

இதற்கு மாற்றாக வந்தது காந்தக் கம்பி. ஹாங்காங் மருத்துவர்கள் இதன் தொடக்க முடிவுகளை 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கம்பியினுள் உள்ள காந்தத்தை வெளியிலிருந்து ஒரு கருவியால் சுழற்றி, புறநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடங்களில் நீட்டிவிடலாம். கீறலும் மயக்க மருந்தும் தேவையில்லை. நீண்டிருப்பதை அல்ட்ராசவுண்ட் மூலம் உறுதி செய்யலாம் என்பதால் எக்ஸ்-ரே கதிர்வீச்சும் குறையும்.

எனினும் இதுவும் குறையற்றது அன்று. சில வேளைகளில் காந்தம் சுழன்றாலும் கம்பி நீள்வதில்லை. உராய்வால் உதிரும் நுண்ணிய உலோகத் துகள்கள் சுற்றியுள்ள தசையில் படியலாம். முதல் அறுவை சிகிச்சையும் கம்பியை மாற்றும் அறுவை சிகிச்சையும் தவிர்க்க இயலாதவை. செலவும் மிகுதி. காந்தக் கம்பி பொருத்தப்பட்ட குழந்தைக்கு எங்கேனும் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே அங்குள்ளவர்களிடமும் எங்களிடமும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

நிறைவு எப்போது?

எக்ஸ்-ரே படத்தில் இடுப்பு எலும்பு, கை எலும்புகளின் முதிர்ச்சியையும், பருவ மாற்றங்களையும், உயரம் கூடும் வேகத்தையும் கொண்டு வளர்ச்சி முடிவதைக் கணிக்கிறோம். அப்போது பலருக்குக் கம்பியை அகற்றி, நிலையான கம்பி பொருத்தி எலும்புகளை இணைக்கிறோம். முதுகெலும்பு ஏற்கெனவே இறுகி, வளைவு கட்டுக்குள் இருந்தால், சிலருக்கு அந்த இறுதி அறுவை சிகிச்சையின்றியே தொடர்ந்து கண்காணிக்கிறோம். எது ஏற்றது என்பதை அக்காலத்தில் குழந்தையையும் உடன் அமர்த்திப் பேசியே முடிவு செய்ய வேண்டும். அப்போது அவர் பதின்வயதினர். தம் உடலைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு.

இல்லத்தில் கவனிக்க வேண்டியவை

உணவும் எடையும்: மூச்சுவிடவே மிகுந்த ஆற்றலைச் செலவிடும் குழந்தைகள் மெலிந்திருப்பது வழக்கம். பலருக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் எடை கூடுகிறது. தோல் மெலிந்திருந்தால் கம்பி உறுத்திப் புண்ணாகலாம் என்பதால் முட்டை, பருப்பு, பால், மீன் போன்ற புரத உணவு மிகத் தேவை.

அளவு: வளைந்த முதுகில் நிற்கும் உயரம் உண்மையைக் காட்டாது. கைகளை இருபுறமும் விரித்து, ஒரு நடுவிரல் நுனி முதல் மறு நடுவிரல் நுனி வரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அளந்து, அமர்ந்த நிலை உயரத்துடன் குறித்து வாருங்கள். எங்களிடம் வரும்போது அக்குறிப்பேட்டைக் கொண்டு வாருங்கள்.

நீவிவிடுதல்: எண்ணெய் தடவி நீவினால் முதுகு நிமிரும் என்பதற்கு அடிப்படை இல்லை. கம்பி உள்ள முதுகை அழுத்தி நீவுவது தீங்கு தரும், தவிர்த்துவிடுங்கள்.

பள்ளியும் விளையாட்டும்: காயம் ஆறியபின் பள்ளிக்கு அனுப்புங்கள். எந்த விளையாட்டு ஏற்றது என்பதைக் கேட்டுக்கொண்டு, அதனை அஞ்சாமல் விளையாடவிடுங்கள்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்: காய்ச்சலுடன் காயம் சிவத்தல், நீர் அல்லது சீழ் வடிதல், தோலுக்கடியில் புதிதாகக் கம்பி துருத்துதல், திடீர் வலி, முதுகு ஒருபுறம் சாய்தல், கால்களில் வலுவின்மை அல்லது மரத்துப்போதல், சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம். காலும் சிறுநீரும் தொடர்பான மாற்றம் தோன்றினால் விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், காலையில் தலைவலி, அடிக்கடி நெஞ்சுச் சளி ஆகியவை மெல்லக் குறையும் மூச்சுத்திறனின் அடையாளங்களாக இருக்கலாம். அவற்றையும் எங்களிடம் கூறுங்கள்.

குறித்த நாளில் வருதல்: முதுகு நேராகத் தெரிகிறது, பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று கம்பியை நீட்டும் நாளைத் தவறவிடுவோர் உண்டு. குழந்தை வளர்ந்து கம்பி நீளாவிடில், அந்த வளர்ச்சி மீண்டும் வளைவாக மாறும். பயணச் செலவோ, வேலை இழப்போ தடையாக இருந்தால் நாள் கடந்தபின் அன்று, முன்னரே எங்கள் மருத்துவ சமூகப் பணியாளரிடம் தெரிவியுங்கள். வேறு நாளும் வழியும் சேர்ந்து காண்போம்.

இச்சிகிச்சை ஒரு நாளில் முடிவது அன்று. சில குழந்தைகளுக்குப் பத்தாண்டுகள் நீள்வது. அந்த ஆண்டுகள் முழுவதும் அறுவை அரங்கில் நாங்கள் ஈட்டித் தருவது சில செ.மீ. மட்டுமே. அவற்றைக் காப்பது உங்கள் இல்லத்தில் அன்றாடம் நிகழும் கவனிப்பே.